லைட் எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை: சித்தப்பா காரின் பேட்டரி டெர்மினல், இரண்டு சுற்று வேலை

தூத்துக்குடியில் முத்தையாபுரம் பக்கம் சித்தப்பா வீடு. மொட்டை மாடியில் நின்றால் உப்பளம் தெரியும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும்பிவிட்டால் ஜன்னல் கம்பியைத் தொட்ட கை பிசுபிசுக்கும். அந்தக் காற்றில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறது அவருடைய கார். 2012 மாடல், ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 35 ஆம்பியர்-மணி பேட்டரி. மாதத்துக்கு இரண்டு தடவை சித்தியைத் திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, ஞாயிற்றுக்கிழமை கோயில், அவ்வளவுதான் ஓட்டம்.

புகார் இதுதான். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நாலைந்து தடவை திருப்பினால் ஏதோ ஒரு தடவை எடுத்துவிடும். எடுத்துவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பிரச்சினை இல்லை, மறுநாளோ அடுத்த வாரமோ மறுபடியும் அதே ‘டக்’. இந்தப் புகாருக்காகவே 14 மாதத்துக்கு முன்னால் ஒரு கடையில் புது பேட்டரி போட்டிருந்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, அப்புறம் திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. இப்போது இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், 4,500 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மதுரையிலிருந்து ஒரு சனிக்கிழமை ராத்திரி போய் இறங்கியபோது சித்தப்பா அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்தே விட்டார்.

“டெர்மினலை யாராவது பார்த்தாங்களா சித்தப்பா?”

“அதெல்லாம் மாசா மாசம் நானே வெந்நீர் ஊத்திக் கழுவுறேன்யா. பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல. லைட்டைப் போட்டுப் பாரு, பட்டப்பகல் மாதிரி எரியும்.”

போட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக எரிந்தது, ஹாரனும் கணீரென்று அடித்தது. லைட் நன்றாக எரிந்தால் பேட்டரியும் டெர்மினலும் சரி, அப்படியானால் கோளாறு செல்ஃபில்தான் என்று முடிவுக்கு வருவது ரொம்ப இயல்பு. நிறையப் பேர் பணத்தை விடுவதும் இந்த இடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர். செல்ஃப் மோட்டாரோ இந்த அளவு சின்ன எஞ்சினுக்கே 100லிருந்து 150 ஆம்பியர் இழுக்கும், சுற்ற ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் இன்னும் கூட. இப்போது டெர்மினல் பிடிப்பில், அதாவது பேட்டரியின் முனையை வயரின் கிளாம்ப் கவ்வுகிற இடத்தில், 0.03 ஓம் தடை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால் இது தெரியவே தெரியாது, மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். ஆனால் பெருக்கிப் பாருங்கள். லைட்டுக்கு 10 × 0.03, அதாவது 0.3 வோல்ட் குறையும், கண்ணுக்குப் புலப்படாது. செல்ஃபுக்கு 150 × 0.03, அதாவது 4.5 வோல்ட் அந்த ஒரே இடத்தில் சூடாகிப் போய்விடும். மீதி வருவதை வைத்துக்கொண்டு செல்ஃபின் மின்காந்த சுவிட்சான சொலினாய்டு உள்ளே இழுபட்டு ‘டக்’ என்று அடிக்கும், மோட்டாரைச் சுற்றும் வலு இருக்காது. வாய்க்காலில் பாதி அடைத்துக் கிடந்தாலும் செம்பில் மொண்டு குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், வயலுக்குத்தான் பாயாது.

ஆகவே டெர்மினல் சரியா இல்லையா என்பதை லைட்டை வைத்தும் சொல்ல முடியாது, கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது. செல்ஃப் இழுக்கும்போது அந்தப் பிடிப்பின் இரண்டு பக்கமும் எத்தனை வோல்ட் வித்தியாசம் வருகிறது என்று அளந்தால்தான் தெரியும். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும், உதவிக்குச் சாவி திருப்ப ஒரு ஆள் வேண்டும்.

முதல் சுற்று

ஞாயிறு காலை பானெட்டைத் திறந்தேன். மைனஸ் பக்கம் லேசாகப் பூத்திருந்தது. பிளஸ் பக்கம் ரப்பர் மூடியைத் தூக்கினால் கிளாம்ப் எது, முனை எது என்றே தெரியாத அளவுக்கு வெள்ளையும் நீலமுமாக ஒரு கட்டி. வெள்ளைத் தூள் பெரும்பாலும் ஈய சல்பேட். பேட்டரியின் முனை ஈயம், உள்ளே இருப்பது கந்தக அமிலம், அந்த அமிலத்தின் ஆவியும் நுண்துளியும் வெளியே கசிந்து ஈயத்தில் பட்டால் வருவது அது. நீலமும் பச்சையும் வேறு சமாச்சாரம். கிளாம்ப் பித்தளை, பித்தளையில் செம்பு இருக்கிறது, செம்பில் அதே அமிலம் பட்டால் நாட்டு மருந்துக் கடையில் விற்கிற மயில்துத்தமேதான் உண்டாகும். நிறையவே நீலம் தெரிந்தால் பித்தளையோ உள்ளே இருக்கும் செம்புக் கம்பியோ கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு நான் அந்த நீலத்தைப் பார்த்து, கிளாம்ப்தான் அரிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன், கம்பியைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த ஒரு விடுபடல் பின்னால் பெரிதாக வந்து நின்றது.

எதையும் தொடுவதற்கு முன்னால் அளந்தேன். பேட்டரி சும்மா நிற்கும்போது 12.48 வோல்ட். முழுசாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி 12.6, 12.7 காட்டும், 12.2க்கு வந்துவிட்டால் பாதிதான் இருக்கிறது என்று கணக்கு, ஆகவே இது கொஞ்சம் குறை, மோசமில்லை. அடுத்து மீட்டரின் சிவப்பு முள்ளை பிளஸ் முனையின் ஈயத் தலையில் குத்திப் பிடித்தேன், கிளாம்பில் இல்லை, ஈயத்தின் மேலேயே. கறுப்பு முள்ளை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைத்தேன். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இழுத்தாயிற்று, “திருப்புங்க சித்தப்பா” என்றேன். ‘டக்.’ மீட்டரில் 2.8 வோல்ட். ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டிய இரண்டு உலோகத்துக்கு நடுவில் 2.8 வோல்ட். நல்ல பிடிப்பில் இது 0.1ஐத் தாண்டக்கூடாது. மைனஸ் பக்கம் 0.4 வந்தது. அந்த நேரத்தில் பேட்டரி முனைகளுக்கு நடுவே 11.9 இருந்தது, கிளாம்பிலிருந்து கிளாம்புக்கு அளந்தால் 8.7தான். அதாவது பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வாசலிலேயே 3.2 வோல்ட் மறிக்கப்படுகிறது.

சித்தப்பாவிடம் மீட்டரைக் காட்டினேன். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பியூஸ் கேரியர் லூஸாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, “சரி, கழத்துவோம்” என்றார்.

கழற்றும் வரிசை முக்கியம், இதில் விளையாடக் கூடாது. முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். காரின் பாடி முழுக்க மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகுகிற ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டால் நேரடி ஷார்ட், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஸ்பேனர் வழியாகப் பாயும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. திரும்ப மாட்டும்போது நேர் எதிர்: முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மோதிரம், வாட்ச், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். மோதிரம் நடுவில் மாட்டி ஷார்ட் ஆனால் அது விரலிலேயே பழுக்கக் காயும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், அதனால் வண்டியை அணைத்துக் கொஞ்ச நேரம் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், பீடி சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சாவியை வெளியே எடுத்து, கார்க் கதவின் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மின்சாரம் போய் வந்ததும் சில வண்டிகளில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்.

10ஆம் நம்பர் ஸ்பேனரில் நட்டு தளர்ந்தது, கிளாம்ப் வரவில்லை. வராத கிளாம்பை ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினாலோ சுத்தியலால் தட்டினாலோ முனை அடிவாரத்தில் விரிசல் விடும், அந்த விரிசல் வழியாக ஆயுளுக்கும் அமிலம் கசியும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கட்டியின் மேல் தடவினேன். புசுபுசுவென்று நுரைத்தது. அமிலமும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயு போகிற நுரை அது, நுரை நின்றால் அமிலம் தீர்ந்தது என்று தெரிந்துகொள்ளலாம். மூன்று தடவை தடவியதும் கிளாம்ப் கையோடு வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால் ஆறு மூடியும் இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற அமிலத்தையும் அது தீர்த்துவிடும்.

அப்புறம் சுத்தத் தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, முனையையும் கிளாம்பின் உள் வளையத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். ஈயம் மெத்தென்ற உலோகம், அரம் போட்டுச் சீவக் கூடாது, முனை மெலிந்துபோகும். கறுப்புப் போய் சாம்பல் நிறத்தில் மினுங்கினால் போதும், கிளாம்பின் உள்பக்கத்துக்கு உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்க்கலாம். அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈயம் விஷம். துடைத்த துணியை ஒரு பையில் கட்டிப் போட்டேன், கழுவிய தண்ணீர் செடிப் பக்கம் போகாமல் ஒரு பழைய தட்டில் பிடித்தேன், சித்தியின் துளசி மாடம் பக்கத்தில்தான் இருக்கிறது.

இதற்கிடையில் கிளாம்பின் உள்ளே இருந்து ஒரு தகரத் துண்டு விழுந்தது. பிஸ்கட் டப்பாவை வெட்டியது போல ஒன்று, முனையைச் சுற்றி வைத்து மேலே கிளாம்பை இறுக்கியிருக்கிறார்கள். காரணம் உடனே புரிந்தது. இந்த மாதிரி சின்ன காருக்கு வருகிற பேட்டரியின் முனை மெல்லியது, தலைப்பகுதியில் பிளஸ் 14.7 மி.மீ., மைனஸ் 13 மி.மீ. போல இருக்கும். பெரிய பேட்டரிகளில் பிளஸ் 17.5, மைனஸ் 15.9. யாரோ எப்போதோ தடித்த முனைக்கான கிளாம்பை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதன் இரண்டு தாடையும் ஒன்றோடொன்று முட்டும் வரை இறுக்கினாலும் முனையைப் பிடிக்காது, அந்த இடைவெளியை நிரப்பத்தான் தகரம். வட்டமான முனையில் தகரம் ஒட்டுவது இரண்டு மூன்று கோடுகளில் மட்டும்தான், 150 ஆம்பியர் அந்தக் கோடுகள் வழியாகப் போக வேண்டும். மிச்ச இடைவெளியில் உப்புக் காற்றும் அமிலமும் தாராளமாகப் புகும்.

ஞாயிறு, கடை இல்லை. தகரத்தையும் தேய்த்துச் சுத்தம் பண்ணி அதே இடத்தில் வைத்து இறுக்கினேன், மேலே வாசலின் பூசினேன். வாசலினை மாட்டி இறுக்கிய பிறகு வெளியே பூசுவதுதான் என் வழக்கம், உலோகத்தோடு உலோகம் முதலில் ஒட்டட்டும், காற்று புகாமல் இருப்பதற்குத்தான் அது. அளந்தால் பிளஸ் 0.15, மைனஸ் 0.03. வண்டி முதல் திருப்பிலேயே எடுத்தது. சித்தி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு 4,500 ரூபாயைத் திரும்ப பீரோவில் வைத்தார்.

செல்ஃப் கொஞ்சம் மந்தமாகச் சுற்றியது என் காதில் விழாமல் இல்லை. பேட்டரி 12.48தானே, சார்ஜ் ஏறினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே இன்னும் ஒரு இடத்தில் முள்ளை வைத்திருந்தால் இரண்டாவது சுற்றே தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது சுற்று

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை சித்தப்பா ஃபோன் பண்ணினார். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள், சித்திக்குக் கண்ணில் மருந்து விட்டிருக்கிறது, வெயில் கூசுகிறது, வண்டி ‘டக்’ என்கிறது. பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் தள்ளிவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டு எடுத்திருக்கிறார்கள். “வீடு வர வரைக்கும் நிறுத்தலைய்யா, ரயில்வே கேட்ல கூட ஆஃப் பண்ணல” என்றார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை, எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய்விட்டேன்.

இந்தத் தடவை பாதை முழுவதையும் அளந்தேன். முதலை கிளிப் போட்ட நீள வயர் ஒன்றை மீட்டரோடு சேர்த்து, செல்ஃப் மோட்டாரில் பிளஸ் கேபிள் வந்து சேரும் போல்ட் வரைக்கும் கொண்டுபோனேன். வயர் ஃபேனிலோ பெல்ட்டிலோ சிக்காமல் ஒதுக்கிக் கட்ட வேண்டும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டால் எஞ்சின் எடுக்காது, செல்ஃப் மட்டும் இழுக்கும், அளக்க நேரம் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் நாலைந்து வினாடிக்கு மேல் வேண்டாம். கிடைத்தது இது: பேட்டரி முனைகளில் 11.6 வோல்ட். பிளஸ் முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் 0.45, தகரம் மூன்று வாரத்தில் தன் வேலையைக் காட்டிவிட்டது. மைனஸில் 0.03, நன்று. மைனஸ் கிளாம்பிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு 0.2, பரவாயில்லை. பிளஸ் கிளாம்பிலிருந்து செல்ஃப் போல்ட்டுக்கு 3.9.

அந்த ஒரு மீட்டர் நீளம்கூட இல்லாத கேபிளில் 3.9 வோல்ட் போகிறது. மொத்தம் கழித்தால் செல்ஃபுக்குக் கிடைப்பது 7 வோல்ட்.

லைட் ஏன் அவ்வளவு பிரகாசமாக எரிந்தது என்பதற்கு மீதி விடையும் அப்போது கிடைத்தது. பிளஸ் கிளாம்பிலிருந்து இரண்டு வயர் போகிறது. தடித்தது செல்ஃபுக்கு, அதைவிட மெல்லியது ஃபியூஸ் பாக்ஸுக்கு. லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் மெல்லிய வழியில் போகின்றன. தடித்த கேபிள் உள்ளே எவ்வளவு இற்றுப்போயிருந்தாலும் லைட்டுக்கு அது தெரியவே போவதில்லை. அவை இரண்டும் வேறு வேறு சாலை.

மைனஸ், பிளஸ் வரிசையில் கழற்றி, கேபிளை வெளியே எடுத்தேன். கிளாம்ப் எந்த வகை என்று பார்த்தால், கம்பியின் தோலைச் சீவி வெறும் செம்புப் புரிகளை ஒரு பட்டைக்கு அடியில் வைத்து இரண்டு திருகால் அமுக்குகிற வகை. அவசரத்துக்கு நடுரோட்டில் மாட்ட அது உதவும், வருடக்கணக்கில் விட்டுவைக்கிற பொருள் இல்லை. புரிகளின் வாய் திறந்தே கிடக்கிறது. கத்தியால் தோலை மேலும் கீறிக்கொண்டே போனேன். ஒரு சென்டிமீட்டர், கறுப்பு. இரண்டு, கறுப்போடு நீலத் தூள். நாலாவது சென்டிமீட்டரில் புரிகள் பாதி உடைந்து பஞ்சு மாதிரி உதிர்ந்தன. ஏழு சென்டிமீட்டர் தாண்டித்தான் செம்பு செம்பாக மின்னியது. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புத் தோல் புதுசு போல இருந்தது, கொஞ்சம் விறைப்பாக இருந்ததைத் தவிர.

நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்த நீலம் இதுதான்.

ஏழு சென்டிமீட்டரை வெட்டினால் கேபிள் எட்டாது. இழுத்துக் கட்டினால் எஞ்சின் ஆடும்போதெல்லாம் முனையை ஆட்டும், அதுவும் கசிவில் கொண்டுபோய் விடும். ஆகவே முழுக் கேபிளையும் மாற்றுவது என்று முடிவு பண்ணி, பழையதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனோம். கடை அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி ஒரு வளை வளைத்தார், உள்ளே நறநறவென்றது. “உப்பளக்கார வண்டியா தம்பி?” என்றார். தினமும் இதே மாதிரி நாலு வரும் போலிருக்கிறது.

25 சதுர மி.மீ. செம்புக் கேபிள், பழையதைவிடக் கைப்பிடி அளவு நீளமாக. இரண்டு முனையிலும் போல்ட்டில் மாட்டுவதற்கான செம்பு வளையம், அதாவது லக், ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி, மேலே உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். இந்தப் பசை ஸ்லீவை மட்டும் விட்டுவிடாதீர்கள், சூடு பட்டதும் உருகி லக்குக்கும் தோலுக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே ஏற வழியே இருக்காது. வீட்டில் இடுக்கியால் அமுக்கிய லக் இந்த வேலைக்கு ஆகாது, கிரிம்ப் மட்டும் கடையில் செய்வதே நல்லது. கிளாம்ப் மெல்லிய முனைக்கானது, வெள்ளீயப் பூச்சு போட்ட பித்தளை, லக்கை வைத்து இறுக்க மேலே ஒரு போல்ட் உள்ள வகை. ஃபியூஸ் பாக்ஸ் வயரும் அதே போல்ட்டில் சேரும். கிளாம்ப் வாங்கும்போது பிளஸ், மைனஸ் இரண்டும் ஒரே அளவு இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிளஸ் எப்போதும் கொஞ்சம் தடிப்பு. பேட்டரியின் மேல் எழுதியிருப்பதையும் பாருங்கள். 35பி20எல் என்று இருந்தால் 20 என்பது நீளம் சென்டிமீட்டரில், எல் அல்லது ஆர் பிளஸ் எந்தப் பக்கம் என்பதற்கு. பி வகையில் அதற்குப் பின்னால் எஸ் என்று ஒன்று சேர்ந்திருந்தால் தடித்த முனை. கேபிள், இரண்டு கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது.

மாட்டும்போது கிளாம்பை நன்றாக விரித்து, முனையின் அடி வரைக்கும் கையாலேயே இறக்கினேன். முனை மேலே போகப் போகக் கூம்பும், பாதியில் நின்றால் பிடிப்பும் பாதிதான். இறுக்கும்போது ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து இறுக்குங்கள், கையால் திருகினால் கிளாம்ப் அசையக் கூடாது, அவ்வளவு போதும். அதற்கு மேல் பலம் போட்டால் கிளாம்ப் கிழியும். பிளஸ், அப்புறம் மைனஸ், வாசலின், ரப்பர் மூடி.

சித்தப்பா சாவியைத் திருப்பினார். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த வண்டி இப்படிச் சுற்றி நான் வருடக்கணக்கில் கேட்டதில்லை.

அளவு: பிளஸ் பிடிப்பு 0.03, கேபிள் 0.12, மைனஸ் பிடிப்பு 0.03, எஞ்சின் எர்த் (மைனஸ் கிளாம்பிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு) 0.2. பேட்டரி முனைகளில் 10.4, செல்ஃபுக்கு 10 வோல்ட். இங்கே ஒரு விஷயம். முதலில் 11.9, 11.6 இருந்த பேட்டரி வோல்ட் இப்போது 10.4க்கு இறங்கிவிட்டதே என்று சித்தப்பா கேட்டார். அது இறங்கினதுதான் நல்ல செய்தி. முன்னால் வழி அடைத்திருந்ததால் மின்னோட்டம் சரியாகப் போகவே இல்லை, அதனால் பேட்டரிக்குப் பளுவே தெரியவில்லை. இப்போது உண்மையான பளு ஏறுகிறது. அந்தப் பளுவிலும் 9.6க்குக் கீழே போகாமல் நிற்கிற பேட்டரி ஆரோக்கியமானது. 14 மாதத்துக்கு முன்னால் கழற்றிப் போட்ட பழைய பேட்டரியும் ஆரோக்கியமாகவே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எஞ்சின் ஓடும்போது 14.2, லைட் எல்லாம் போட்டால் 13.9, பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரும் சரி. பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் கடிகாரம் போயிருந்தது, ஐடிலிங் ஐந்து நிமிடம் ஏறி இறங்கியது, கம்ப்யூட்டர் திரும்பக் கற்றுக்கொள்கிற நேரம் அது, தானாகவே நின்றுவிட்டது.

அமிலம் எங்கிருந்து வந்தது

உப்புக் காற்று மட்டும் இவ்வளவு செய்யாது. செல் மூடியைத் திறந்து பார்த்தால் டிஸ்டில்டு வாட்டர் கழுத்து வரைக்கும் நிற்கிறது. பேட்டரியின் பக்கத்தில் மேல்கோடு, கீழ்கோடு என்று இரண்டு கோடு இருக்கும், அதற்கு நடுவில்தான் மட்டம் நிற்க வேண்டும். சித்தப்பா மாதம் ஒரு தடவை ததும்பத் ததும்ப ஊற்றி வந்திருக்கிறார், தண்ணீர் குறைந்தால் பேட்டரி போய்விடும் என்ற அக்கறையில். சார்ஜ் ஆகும்போது எழும் குமிழிக்கு இடமில்லாமல் அமிலத் துளி மூடியின் துளை வழியாக மேலே வந்து படியும். பேட்டரியின் மேல்தளம் எப்போதும் ஈரமாக இருந்ததற்கு அதுதான் காரணம். மீட்டரின் ஒரு முள்ளை மைனஸ் முனையிலும் இன்னொன்றை வெறும் பிளாஸ்டிக் மேலேயும் வைத்தேன், அதிலேயே ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது. அந்த ஈரப் படலம் வழியாக ராத்திரி பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம் அந்த வெந்நீர். இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது, அவ்வளவு சிரத்தையாகச் செய்து வந்தவர். வெந்நீர் மயில்துத்தத்தைக் கரைத்துவிடும், பார்வைக்குப் பளிச்சென்று ஆகிவிடும். ஈய சல்பேட் தண்ணீரில் கரைவதில்லை, முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் இருக்கிற படலம் அப்படியே இருக்கும். அமிலத்தை அது தீர்ப்பதும் இல்லை, ஓட்டிக்கொண்டு போகும். எங்கே போகும்? கிளாம்பில் வாய் திறந்து கிடந்த செம்புப் புரிகளுக்குள், தோலுக்கு அடியில், சரிவில் கீழே. ஒவ்வொரு மாதமும் ஒரு சொம்பு அமிலத் தண்ணீர் கேபிளுக்குள் இறங்கியிருக்கிறது. பேட்டரித் தட்டின் இரும்பும் துரு ஏறி ஓட்டை விழுகிற நிலையில் இருந்தது, அதைச் சோடாத் தண்ணீரால் கழுவிக் காயவைத்து பெயின்ட் அடித்தோம்.

“நான் நல்லதுன்னு நெனச்சு ஊத்தினேன்யா.”

“டெர்மினலைப் பத்தி வருஷக்கணக்கா நெனச்சுக்கிட்டே இருந்தது நீங்க ஒரு ஆள்தான் சித்தப்பா. மத்தவங்க யாரும் மூடியைக்கூடத் தூக்கிப் பாக்கல.”

இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டியில் கை வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. சிக்னலில் தானாக எஞ்சின் நின்று தானாக எடுக்கிற வண்டியாக இருந்தால் மைனஸ் கிளாம்பிலேயே ஒரு சின்னப் பெட்டியும் வயரும் இருக்கும், அது பேட்டரி சென்சார். அதைச் சுத்தம் செய்யலாம், நெம்பக் கூடாது, சாதாரணக் கிளாம்ப் போட்டு மாற்றவும் கூடாது. சில மியூசிக் சிஸ்டம் பேட்டரி போய் வந்தால் ரகசிய எண் கேட்கும், முன்னாலேயே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும். முனையின் அடிவாரத்திலேயே ஈரம் ஊறிக்கொண்டிருந்தால், துடைத்த மறுவாரமே திரும்ப ஈரமானால், அது சீல் போன பேட்டரி, எந்தக் கிளாம்பும் அதைக் காப்பாற்றாது. அந்தப் பேட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், ஈயத்துக்கு ஒரு தொகையும் கழித்துக்கொள்வார்கள்.

போன மாதம் தூத்துக்குடி போனபோது மறுபடி அளந்தேன், மாட்டி 11 மாதம். பிளஸ் 0.04, மைனஸ் 0.03, கேபிள் 0.12. மேல்தளம் உலர்ந்திருந்தது. சித்தப்பா ஒரு பழைய டைரியில் தேதி போட்டு இந்த எண்களை எழுதி வைக்கிறார், மல்டிமீட்டரும் இப்போது அவரிடமே இருக்கிறது. எதிர் வீட்டு ஆட்டோக்காரருக்கு நேற்று அளந்து கொடுத்தாராம், மைனஸ் பக்கம் 1.1 காட்டியது என்று ஃபோனில் சொன்னார்.